முகவரி ஓர் எண் அல்ல

சி மொழியில் ஒரு மாறியின் முகவரியை அச்சிட நிரல் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பிரிண்ட்எஃப் ஃபங்ஷனுக்குள் '%டி', ஒரு காற்புள்ளி, பிறகு மாறியின் பெயருக்கு முன்னால் '&' குறி. எல்லா வார்னிங்குகளையும் காட்டச் சொல்லி கம்பைல் செய்தால் கம்பைலர் முனகும். '%டி' போட்ட இடத்தில் இண்ட் வர வேண்டும், நீங்கள் கொடுத்திருப்பதோ இண்ட் ஸ்டார் என்று. இது எரர் இல்லை, வெறும் வார்னிங். நிரல் ஓடும். திரையில் ஏதோ ஓர் எண்ணும் வரும். "அதான் ஓடுதே, அப்புறம் என்ன?" என்று பெரும்பாலானவர்கள் அதோடு விட்டுவிடுவார்கள்.

இண்ட் என்பது முழு எண். இண்ட் ஸ்டார் என்பது, ஒரு முழு எண் நினைவகத்தில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரி. பாயிண்டர் என்று நாம் சொல்வது இதைத்தான். கணினிக்குள் இரண்டுமே 0, 1 வரிசைகள்தானே? ஒன்றின் இடத்தில் இன்னொன்றைக் கொடுத்தால் என்ன குடி முழுகிவிடும்?

நியாயமான கேள்விதான். சி மொழியை உருவாக்கியவர்களே முதலில் அப்படித்தான் நினைத்தார்கள். முகவரியும் எண்ணும் ஒன்று என்ற இடத்திலிருந்து கிளம்பிய மொழி அது. இரண்டும் வேறு என்று முழு மனதோடு ஒப்புக்கொள்ள அதற்கு ஐம்பது வருடம் பிடித்தது. அந்த ஒற்றை வரி வார்னிங், அந்த ஐம்பது வருடத்தின் சுருக்கம்.

எல்லாம் ஒரே பெட்டி

1960-களின் நடுவில் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸ் பிசிபிஎல் என்ற மொழியை வடிவமைத்தார். 1967-இல் எம்ஐடியில் இருந்தபோது அதற்குக் கம்பைலர் எழுதினார். அந்த மொழியில் வகை என்ற பேச்சே கிடையாது. நினைவகம் முழுக்க ஒரே அளவுள்ள பெட்டிகள். ஒவ்வொரு பெட்டிக்கும் 'வேர்ட்' என்று பெயர். முதல் பெட்டிக்கு 0, அடுத்ததற்கு 1, அதற்கடுத்து 2. ஒரு பெட்டிக்குள் இருப்பது எண்ணா, எழுத்தா, இன்னொரு பெட்டியின் முகவரியா என்பது நிரல் எழுதுபவரின் மனதுக்குள் மட்டும்தான் இருக்கும். கணினிக்குத் தெரியாது.

பெல் ஆய்வகத்தில் கென் தாம்ப்சன் இதைச் சுருக்கி 'பி' என்ற மொழியைச் செய்தார். அவர் கையில் இருந்தது பிடிபி-7 என்ற சிறிய கணினி. 18 பிட் கொண்ட வேர்ட்கள் மொத்தம் 8,000 சொச்சம்தான் அதன் நினைவகம். இவ்வளவு சின்ன வீட்டில் தனித்தனி அறை கேட்க முடியுமா? பி மொழியிலும் எல்லாம் ஒரே பெட்டிதான். அங்கே முகவரியை அச்சிடுவது பிரச்சினையே இல்லை. அது எண் என்றால் எண்தான்.

இன்று நாம் பயன்படுத்தும் பிரிண்ட்எஃப்புக்கு மூதாதை அந்த பி மொழியிலேயே இருந்தது. தசம எண்ணுக்கு '%டி', எட்டடிமான எண்ணுக்கு '%ஓ', எழுத்துக்கு '%சி', எழுத்துச் சரத்துக்கு '%எஸ்'. முகவரிக்கென்று ஒரு குறி இல்லை. தேவைப்படவில்லை.

பைட் வந்தது, வகை வந்தது

1970-இல் பெல் ஆய்வகத்துக்கு பிடிபி-11 வந்து சேர்ந்தது. இந்த இயந்திரம் வேர்ட்களுக்கு அல்ல, பைட்களுக்குக் கதவு எண் ஒட்டியிருந்தது. ஒரு வேர்ட் என்பது இரண்டு பைட். ஆக, பி மொழி 'அடுத்த பெட்டி' என்று முகவரியோடு 1 கூட்டினால், இயந்திரத்தைப் பொறுத்தவரை 2 கூட்ட வேண்டும். ஒவ்வொரு முறை ஒரு பாயிண்டரைப் பயன்படுத்தும்போதும், நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே, இந்தக் கணக்கைப் போட்டாக வேண்டும். வேகம் குறைந்தது. எழுத்துகளைக் கையாள்வதும் சிரமம். தசமப் புள்ளி எண்கள் 16 பிட் வேர்டுக்குள் அடங்கவும் இல்லை.

டென்னிஸ் ரிட்சி இதற்குத் தீர்வாகத்தான் பி மொழிக்கு வகைகளைச் சேர்த்தார். எண்ணுக்கு இண்ட், எழுத்துக்கு சார். ஒரு பாயிண்டர் எந்த வகையைச் சுட்டுகிறது என்று கம்பைலருக்குத் தெரிந்துவிட்டால், 1 கூட்டச் சொல்லும்போது உண்மையில் எத்தனை பைட் தாண்ட வேண்டும் என்பதை அது முன்கூட்டியே தீர்மானித்துவிடும். 1971-இல் புதிய பி, 1972-இல் சி. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வகைகள் வந்தது தவறுகளைப் பிடிப்பதற்காக இல்லை. முகவரிக் கணக்கைச் சரியாகப் போடுவதற்காக.

அதனால்தான் ஆரம்பகால சி, எண்ணும் முகவரியும் கலப்பதைப் பார்த்து முகம் சுளிக்கவே இல்லை. எண்ணைப் பாயிண்டரில் போடலாம், பாயிண்டரை எண்ணில் போடலாம். பிடிபி-11 இயந்திரத்தில் இரண்டுக்குமே 16 பிட்தான், எதுவும் சிந்தாது சிதறாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. குறியில்லா முழு எண் என்ற வகை அன்றைய சி மொழியில் இல்லை. எதிர்மறை வராத எண் வேண்டும் என்றால், எழுத்தைச் சுட்டும் பாயிண்டரையே எண்ணாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். எதையும் சுட்டாத பாயிண்டர், வெறும் கூட்டல் கழித்தலுக்காக. அன்சைன்ட் என்ற வகை பிற்பாடு வந்ததற்கு இந்தக் கூத்தும் ஒரு காரணம்.

கண் தெரியாத ஃபங்ஷன்

பிரிண்ட்எஃப் எப்படி வேலை செய்கிறது? அதற்கு முதலில் போவது ஃபார்மேட் ஸ்ட்ரிங், அதாவது மேற்கோள் குறிக்குள் நாம் எழுதும் வரி. பின்னால் வருபவை எத்தனை, என்னென்ன என்று அதற்கு யாரும் சொல்வதில்லை. அது அந்த வரியை எழுத்து எழுத்தாகப் படிக்கிறது. '%டி' வந்தால், அடுத்து இருப்பது இண்ட் என்று நம்பி, இண்ட் அளவுக்குப் பிட்களை எடுத்து எண்ணாக அச்சிடுகிறது. அங்கே வேறு எது இருந்தாலும் அதற்குத் தெரியாது. கையில் சீட்டைக் கொடுத்து மூட்டையைப் பிரிக்காமல் தூக்கச் சொன்ன மாதிரி. சீட்டில் அரிசி என்றிருந்தால் அரிசிதான்.

இதில் கம்பைலரும் உதவிக்கு வரவில்லை. 1978-இல் கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய புத்தகத்தின் காலத்தில், எந்த ஃபங்ஷனுக்கு என்ன வகை அனுப்பப்படுகிறது என்று சி கம்பைலர் சரிபார்ப்பதே இல்லை.

அதே சமயம் ரிட்சியும் ஸ்டீஃபன் ஜான்சனும் யூனிக்ஸை இண்டர்டேட்டா 8/32 என்ற, பிடிபி-11-க்குச் சம்பந்தமே இல்லாத, 32 பிட் கணினிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். நிரல்கள் புது வீட்டுக்குக் குடிபோனபோதுதான் பழைய வீட்டில் சுவரோடு சுவராக ஒட்டியிருந்த பழக்கங்கள் தெரிந்தன. எண்ணையும் பாயிண்டரையும் கலந்து எழுதியவை அவற்றில் முக்கியமானவை. ஜான்சன் தன் கம்பைலரையே மாற்றி லிண்ட் என்ற கருவியைச் செய்தார். துணியில் ஒட்டியிருக்கும் பஞ்சுத் துணுக்குக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. நிரலை ஓட்டாமல் வாசித்து மட்டும் பார்த்து, இங்கே சந்தேகம், அங்கே சந்தேகம் என்று சொல்லும். இன்று கம்பைலர்கள் தரும் வார்னிங்குகளின் பூர்வீகம் இதுதான்.

ஆனால் லிண்டும் பிரிண்ட்எஃப் முன்னால் கைவிரித்தது. எண்ணிக்கை மாறிக்கொண்டே இருக்கும் ஆர்க்யுமெண்ட்களை அதனால் ஒப்பிட முடியவில்லை. 'இந்த ஃபங்ஷனுக்கு எத்தனை வேண்டுமானாலும் வரும், கண்டுகொள்ளாதே' என்று அதற்குச் சொல்வதற்கென்றே ஒரு தனிக் குறிப்பு எழுத வேண்டியிருந்தது.

'%பி' பிறந்த கதை

1983-இல் அமெரிக்கத் தர நிறுவனம் சி மொழிக்காக ஒரு குழு அமைத்தது. குழுவின் வேலை 1989-இல் முடிந்தது. அந்தத் தரத்தில்தான் முகவரிக்கு முதன்முதலாகத் தனிக் குறி கிடைத்தது: '%பி'. கூடவே வாய்டு ஸ்டார் என்ற பாயிண்டர் வகையும். எதைச் சுட்டுகிறது என்று சொல்லாத, பொதுவான முகவரி.

தரம் சொல்வது இதுதான். '%பி'-க்கு வாய்டு ஸ்டார் கொடு. அது எந்த வடிவத்தில் அச்சாகும் என்பதை அந்தந்த அமைப்பு முடிவு செய்துகொள்ளும். இன்றைக்கும் லினக்ஸில் வெற்றுப் பாயிண்டரை '%பி' போட்டு அச்சிட்டால் அடைப்புக்குறிக்குள் 'நில்' என்று வரும், விண்டோஸில் பூஜ்யங்களின் வரிசை வரும். இரண்டும் சரி. முகவரி எப்படித் தோற்றமளிக்க வேண்டும் என்று மொழி வாக்குக் கொடுக்கவே இல்லை.

சரி, இண்ட் ஸ்டாரும் ஒரு முகவரிதானே? அதை எதற்கு வாய்டு ஸ்டாராக மாற்றிக் கொடுக்க வேண்டும்? ஜிசிசி கம்பைலரைக் கறாராக இருக்கச் சொன்னால் இதற்கும் முனகுவதைப் பார்க்கலாம். பலருக்கு இது வெட்டிச் சம்பிரதாயமாகத் தோன்றும்.

குழு கூடிய நாட்களில் டேட்டா ஜெனரல் நிறுவனத்தின் எக்லிப்ஸ் எம்வி கணினிகள் புழக்கத்தில் இருந்தன. அவற்றில் வேர்டைச் சுட்டும் முகவரிக்கு ஒரு வடிவம், பைட்டைச் சுட்டும் முகவரிக்கு இன்னொரு வடிவம். சார் ஸ்டாரும் வாய்டு ஸ்டாரும் பைட் வடிவத்தில் இருக்கும். இண்ட் ஸ்டார் வேர்ட் வடிவத்தில். ஒரே இடத்தைச் சுட்டினாலும் பிட்கள் வேறு. பிரைம் நிறுவனத்தின் சில கணினிகளில் வெற்றுப் பாயிண்டரின் பிட்கள்கூட முழுப் பூஜ்யம் கிடையாது. பிரிண்ட்எஃப்புக்கோ கண் தெரியாது. வந்தது எந்த வடிவம் என்று அதனால் கண்டுபிடிக்க முடியாது. அதனால் அனுப்புகிறவரே பொது வடிவத்துக்கு மாற்றி அனுப்பிவிட வேண்டும் என்று விதி வைத்தார்கள். அந்தக் கணினிகள் போய்ச் சேர்ந்துவிட்டன. விதி இருக்கிறது.

விதியை மீறினால்? அதன் பெயர் வரையறுக்கப்படாத நடத்தை. என்ன வேண்டுமானாலும் நடக்கலாம், மொழி பொறுப்பேற்காது. இப்படிப்பட்ட இடத்தில் கம்பைலர் வாயைத் திறக்க வேண்டும் என்றுகூடத் தரம் சொல்லவில்லை. பின்னாளில் ஜிசிசி, கிளாங் போன்ற கம்பைலர்கள் ஃபார்மேட் ஸ்ட்ரிங்கைத் தாங்களே படித்து, பின்னால் வருபவற்றோடு ஒப்பிட்டு எச்சரிக்கத் தொடங்கின. யாரும் கட்டாயப்படுத்தாமல் செய்கிற உபகாரம் அது.

நீலத் திரையும் '%யு'-வும்

இந்தியாவில் சி படித்தவர்களுக்கு இந்தக் கதையில் ஒரு தனி அத்தியாயம் உண்டு. போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட டர்போ சி, உலகம் வேறெங்கோ போய்விட்ட பிறகும் நம் கல்லூரிக் கணினி ஆய்வகங்களில் இருந்தது. அந்த நீலத் திரையை தமிழ்நாட்டில் பொறியியல் படித்த இரண்டு தலைமுறைக்குத் தெரியும். யஷவந்த் கனேத்கரின் 'லெட் அஸ் சி' புத்தகமும் அதே அளவுக்குத் தெரியும். அதன் பழைய பதிப்புகளில் பாயிண்டர் அத்தியாயம் மாறியின் முகவரியை '%யு' போட்டுத்தான் அச்சிடும். 65524 என்கிற மாதிரி ஓர் எண் வரும்.

ஏன் '%டி' இல்லாமல் '%யு'? டர்போ சி வழக்கமாக ஓடும் சிறிய நினைவக மாதிரியில் இண்டும் 16 பிட், பாயிண்டரும் 16 பிட். 65524-ஐ '%டி' போட்டு அச்சிட்டால் குறியுள்ள எண்ணாகி -12 என்று வரும். முகவரி மைனஸில் இருந்தால் மாணவர் குழம்புவார். ஆகவே குறியில்லா '%யு'. அந்த இயந்திரத்துக்கு, அந்த மாதிரிக்கு, அது சரியான விடையைத் தந்தது. கம்பைலரும் ஃபார்மேட் ஸ்ட்ரிங்கைப் பார்த்து முனகாது. பரீட்சைக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அதே டர்போ சியில், மெனுவில் பெரிய நினைவக மாதிரியைத் தேர்ந்தெடுத்தால் கதை மாறிவிடும். இண்டெல் 8086 சிப்பில் முழு முகவரி என்பது இரண்டு துண்டு. தெருப் பெயர் மாதிரி ஒரு செக்மெண்ட், கதவு எண் மாதிரி ஓர் ஆஃப்செட். சிறிய மாதிரியில் தெரு ஒன்றே என்பதால் கதவு எண் போதும். பெரிய மாதிரியில் இரண்டும் வேண்டும், 32 பிட். அங்கே '%யு' போட்டால் கதவு எண் மட்டும் அச்சாகும். மீதமிருக்கும் செக்மெண்ட், அடுத்து வரும் '%டி'-யின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். நீங்கள் மதிப்பெண்ணை அச்சிடச் சொன்ன இடத்தில் தெருப் பெயர் வரும். போதாக்குறைக்கு, ஒரே நினைவக இடத்துக்கு ஆயிரக்கணக்கான செக்மெண்ட்-ஆஃப்செட் ஜோடிகள் இருக்கலாம். எந்த எண் அதன் 'உண்மையான' முகவரி? டர்போ சி-யிலேயே '%பி' இருந்தது. பெரிய மாதிரியில் அது நடுவில் முக்காற்புள்ளி வைத்து இரண்டு துண்டையும் காட்டும். நாம்தான் பார்க்கவில்லை.

இங்கே கொஞ்சம் நின்று பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரியும். பிடிபி-11-இல் இண்ட் 16, பாயிண்டர் 16. யூனிக்ஸ் அடுத்துப் பரவிய வேக்ஸ் கணினிகளில் 32, 32. டர்போ சி சிறிய மாதிரியில் 16, 16. பிறகு வந்த 386 கணினிகளில் லினக்ஸிலும் விண்டோஸிலும் 32, 32. நான்கு முறை, நான்கு வெவ்வேறு தலைமுறைகளுக்கு, எண்ணும் முகவரியும் ஒரே அளவில் அமைந்தன. தற்செயல்தான். ஆனால் ஒவ்வொரு தலைமுறையும் அதை இயற்கை விதி என்று நம்பிக் கற்றுக்கொண்டது, அடுத்த தலைமுறைக்குக் கற்றும் கொடுத்தது.

தற்செயல் முடிந்தது

1992-இல் டெக் நிறுவனத்தின் ஆல்ஃபா 64 பிட்டோடு வந்தது. 2003-இல் ஏஎம்டியின் ஆப்டெரான் வந்த பிறகு 64 பிட் சாதாரண மேசைக்கும் இறங்கியது. பாயிண்டர் 64 பிட் ஆனது. இண்ட்? அது 32-லேயே நின்றுகொண்டது. யூனிக்ஸ் உலகம் லாங் என்ற வகையை 64 ஆக்கியது. விண்டோஸ் அதையும் 32-இல் வைத்துக்கொண்டது. ஆக '%எல்யு' என்று போட்டுச் சமாளிக்கிற வழியும் லினக்ஸில் பிழைக்கும், விண்டோஸில் பிழைக்காது.

உதாரணத்துக்கு, ஒரு மாறி 140730405749140 என்ற முகவரியில் இருக்கிறது என்போம். 15 இலக்கம். '%யு' போட்டால் திரையில் வருவது 1507328404. 10 இலக்கம்தான். மேல் பாதி 32 பிட் வெட்டுப்பட்டுப் போய்விட்டது. கீழ் பாதி மட்டும் அழகாக, நம்பும்படியாக, முகவரி போலவே நிற்கிறது. ஆபத்து இதில்தான் இருக்கிறது. குப்பையாக வந்தால் சந்தேகம் வரும், பாதி உண்மையாக வந்தால் வராது.

அச்சிடுவதோடு நின்றால் பரவாயில்லை. இதே பழக்கம் நிரலின் உள்ளேயும் வேலை செய்தது. நினைவகம் கேட்டு வாங்கும் மேலாக் ஃபங்ஷனுக்கு உரிய ஹெடர் ஃபைலைச் சேர்க்க மறந்தால், பழைய விதிப்படி கம்பைலர் அது இண்ட் திருப்பித் தரும் என்று ஊகித்துக்கொள்ளும். 32 பிட் காலத்தில் இது ஒன்றும் செய்யவில்லை. 64 பிட்டில் திரும்பி வரும் முகவரியின் மேல் பாதி உதிர்ந்துவிடும். அந்தப் பாதி முகவரியைத் தேடிப்போய் நிரல் செத்துவிழும். எங்கோ ஒரு மூலையில், பல நூறு வரி தாண்டி. கம்பைலர் அன்றும் ஒரு வார்னிங் கொடுத்திருக்கும். யார் படித்தார்கள்?

முகவரி ரகசியமானபோது

2000-இல் இன்னொரு பூதம் கிளம்பியது. டபிள்யூயு-எஃப்டிபிடி என்ற கோப்புப் பரிமாற்ற நிரலில், வெளியிலிருந்து வருபவர் அனுப்பிய எழுத்துகளே ஃபார்மேட் ஸ்ட்ரிங்காகப் போய்ச் சேரும் ஓட்டை இருந்தது. அவர் தன் பெயருக்குப் பதில் வரிசையாக '%எக்ஸ்' எழுதி அனுப்பினால், கண் தெரியாத பிரிண்ட்எஃப் தன் குடும்பம் தன் பக்கத்து வீட்டு நினைவகத்தை எல்லாம் எடுத்து அச்சிட்டுக் காட்டும். '%என்' என்ற குறியால் நினைவகத்தில் எழுதவும் செய்யும். சீட்டை நம்பி மூட்டை தூக்குகிறவரிடம் திருடனே சீட்டு எழுதிக் கொடுத்தது போல.

தாக்குபவருக்கு முகவரி தெரிந்தால்தான் அடுத்த அடி. ஆகவே 2001-இல் பாக்ஸ் திட்டம், 2005-இல் லினக்ஸ் என்று, நிரல் ஓடும் ஒவ்வொரு முறையும் முகவரிகளைக் கலைத்துப் போடும் முறை வந்தது. ஒரே நிரலை இரண்டு முறை ஓட்டினால் இரண்டு வேறு முகவரிகள் வருவது இதனால்தான். 65524 என்று நோட்டில் எழுதிவைத்து ஒப்பிட்ட காலம் முடிந்தது. 2018 ஜனவரியில் வந்த லினக்ஸ் 4.15 இன்னும் ஒரு படி போனது. அந்தக் கெர்னலுக்குள் '%பி' போட்டால் உண்மையான முகவரி வராது. அதைக் கலக்கி வேறோர் எண்ணாக்கித்தான் அச்சிடும். நிஜமானது வேண்டுமென்றால் '%பிஎக்ஸ்' என்று தனியாகக் கேட்க வேண்டும். கேட்பதற்குக் காரணமும் சொல்ல வேண்டும்.

முனகல் உத்தரவானது

நடைமுறைக்கு வேண்டியது சிறியதுதான். முகவரியை அச்சிட '%பி' போடுங்கள், பாயிண்டரை வாய்டு ஸ்டாராக மாற்றிக் கொடுங்கள். முகவரியை வைத்து நிஜமாகவே எண் கணக்குப் போட வேண்டியிருந்தால், 1999-ஆம் ஆண்டின் தரம் அதற்கென்றே தந்த யூஇண்ட்பிடிஆர் வகையைப் பயன்படுத்துங்கள். பாயிண்டர் முழுதாக அடங்கும் அளவுள்ள முழு எண் அது. வார்னிங்கை அடக்குவதற்காக முகவரிக்கு முன்னால் இண்ட் என்று அடைப்புக்குறி போட்டு மாற்றினால், அளவு பொருந்தவில்லை என்று அடுத்த வார்னிங் வரும். அது முதலாவதைவிட நேரடியாகவே விஷயத்தைச் சொல்லும்.

2024-இல் வெளிவந்த ஜிசிசி 14, எண்ணைப் பாயிண்டரிலும் பாயிண்டரை எண்ணிலும் சொல்லாமல் கொள்ளாமல் போடுவதை இயல்பாகவே எரர் ஆக்கிவிட்டது. அறிவிக்காத ஃபங்ஷனை இண்ட் என்று ஊகிப்பதையும் சேர்த்து. 1972-இல் இயல்பாக இருந்தது, 2024-இல் கம்பைலே ஆகாது. பிரிண்ட்எஃப் மட்டும் இன்னும் வார்னிங்கில் நிற்கிறது. அதன் கண் இன்றும் ஃபார்மேட் ஸ்ட்ரிங்தான்.

பிசிபிஎல்லை வடிவமைத்த மார்ட்டின் ரிச்சர்ட்ஸின் அதே கேம்பிரிட்ஜில், 2010 முதல் எஸ்ஆர்ஐ நிறுவனத்தோடு சேர்ந்து செரி என்ற திட்டம் நடக்கிறது. அதன் அடிப்படையில் ஆர்ம் நிறுவனம் செய்த மொரெல்லோ என்ற சோதனைப் பலகை 2022-இல் வெளிவந்தது. அதில் முகவரி 64 பிட், பாயிண்டரோ 128 பிட். எங்கிருந்து எதுவரை தொடலாம், படிக்கலாமா எழுதலாமா என்ற அனுமதிகளும் பாயிண்டருக்குள்ளேயே இருக்கும். இது செல்லும் என்று சொல்லும் ஒரு பிட், நிரலின் கைக்கு எட்டாத இடத்தில், வன்பொருளிடம் தனியாக இருக்கும். சரியான முகவரியை எண்ணாகத் தெரிந்துவைத்திருந்தாலும் அந்த எண்ணிலிருந்து ஒரு பாயிண்டரைச் செய்ய முடியாது. இயந்திரம் மறுத்துவிடும்.